ராசாவுக்கு 3, ஜாக்குக்கு 30

ஒரு சீட்டுக்காக எங்கட வட்டத்துக்குள்ள ரெண்டு பேர் மூன்று கிழமையாகக் கதைக்காமல் இருந்தார்கள். இப்ப சமாதானம். ஆனால் அந்தச் சண்டையில் வந்த கேள்விகள் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கதை இதுதான். நாங்கள் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கல்லடிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் ‘மஜிக்: த கேதரிங்’ விளையாடுவோம். தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் உருவாக்கிய சீட்டு விளையாட்டு இது. விளையாடுகிற ஒவ்வொருத்தரும் ஒரு மந்திரவாதி. ஆளுக்கு 20 உயிர், 60 சீட்டு. சீட்டில் பூதம், பறவைநாகம், வீரர், மந்திரம் எல்லாம் இருக்கும். எதிராளியின் உயிரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் வெற்றி. ஒவ்வொரு சீட்டிலும் ஓவியர் ஒருவர் கீறிய படம், கீழே அவருடைய பேர். விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் என்ற கொம்பனி வெளியிடுகிறது. அதுக்கு முதலாளி ஹாஸ்ப்ரோ.

அசல் சீட்டு வாங்க எங்களுக்குக் கட்டாது. டொலர் விலை தெரியும்தானே. ஆரும் வெளிநாட்டிலிருந்து வந்தால் ரெண்டு பக்கற் கொண்டுவருவார்கள். மற்றதெல்லாம் கொமினிகேசனில் கலர் பிரிண்ட் எடுத்து, பழைய சீட்டுக் கட்டுக்கு மேல் ஒட்டினது. அந்தப் பழைய கட்டு எங்கட அப்பாமார் 304 அடிச்சுத் தேய்ஞ்ச கட்டு. வெளிச்சத்துக்குப் பிடித்தால் பறவைநாகத்துக்குப் பின்னால் ஆட்டின் ராசா தெரிவார்.

அப்படி ஒட்டிக்கொண்டு வந்த ஒரு சீட்டில்தான் ஆரகோர்ன் இருந்தான். ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ கதையில் வருகிற, ஊர் சுற்றித் திரிந்து கடைசியில் முடிசூடுகிற அரசன். 2023 ஜூன் மாதம் அந்தக் கதையை வைத்து மஜிக் ஒரு சீட்டுத் தொகுதி வெளியிட்டது. அதில் ஆரகோர்ன் கறுப்பு நிற மனிசன். சீட்டுகளின் முன்னோட்டம் வந்த அன்றிலிருந்தே இணையம் ரெண்டாய்ப் பிரிந்து கத்தியது. ஒரு பக்கம் “மூலத்தைக் கெடுத்திட்டாங்கள்”, மற்றப் பக்கம் “நீங்கள் இனவாதிகள்”. எங்கட விறாந்தையிலும் அதே கூத்துத்தான், கொஞ்சம் சின்னதாய்.

“இவன் எப்படி மச்சான் ஆரகோர்ன்?” என்று ஒருத்தன் தொடங்கினான். அவன் கெட்டவன் இல்லை. அந்தப் படங்கள் மூன்றையும் எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று அவனுக்கே கணக்கில்லை. எங்கள் எல்லாரையும்விட நல்லாய்க் கீறுவான். சீட்டுக்கு எல்லை வெட்டி, நிறம் திருத்தி, ஒட்டுகிற வேலை முழுக்க அவனுடையதுதான். அவனுக்கு இது கோபத்தைவிடக் கவலை மாதிரி. சின்ன வயசில் இருந்து கூட வந்த ஒரு முகத்தை ஆரோ அழிச்ச மாதிரி.

முதலில் அவன் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறோம். டோல்கீனின் புத்தகத்தில் ஆரகோர்னுக்கு வெளிறிய முகம், சாம்பல் நிறக் கண் என்றுதான் வர்ணனை. அதை இல்லை என்று சொல்லி வாதாடுவது நேர்மை இல்லை. ஆனால் எங்களில் அந்தப் புத்தகத்தை முழுசாய் வாசித்தவர் ஒருத்தர்தான். மற்ற ஆறு பேருக்கும் ‘மூலம்’ என்றால் 2001இல் தொடங்கி வந்த திரைப்படம், அதில் நடித்த விக்கோ மோர்டென்சன். புத்தகம் வந்தது 1954, 55இல். அதுக்கும் படத்துக்கும் இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு. அந்தக் காலம் முழுக்க வாசகர்கள் ஆளுக்கொரு ஆரகோர்னை மனசுக்குள் வைத்திருந்தார்கள். நாங்கள் ‘மூலம்’ என்று சண்டை பிடிக்கிறதில் பாதி, நாங்கள் முதல் பார்த்த படத்துக்காகத்தான்.

இந்த இடத்தில்தான் எங்கட கூட்டத்தில் இருக்கிற ஒருத்தி வாய் திறந்தாள். அதுவரைக்கும் கையில் இருந்த சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூட நாடகத்தில் சீதை வேடத்துக்கு வசனம் எல்லாம் பாடமாக்கி இருக்கிறாள். குரலும் அவளுக்குத்தான் நல்லாய் இருந்தது. ஒத்திகைக்கு இரண்டு நாள் கழித்து, “நீ சூர்ப்பனகைக்கு நில்லு பிள்ள, அதுக்குத்தான் நீ எடுப்பா இருப்பாய்” என்று மாற்றிவிட்டார்கள். ஏனென்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. “சீதை வெள்ளை எண்டு எந்தப் புத்தகத்தில இரிக்கி எண்டு அண்டைக்குக் கேக்கத் தெரியல்ல” என்றாள். பிறகு எழும்பிப் போய்விட்டாள். மூன்று கிழமை மௌனம் அன்றைக்குத் தொடங்கியது.

கறுப்பாய் ஒரு அரசன் சீட்டில் வந்தால் எங்களுக்கு ஏன் உறுத்துகிறது? நாங்களே கறுப்புத்தானே. கலியாண விளம்பரத்தில் ‘சிவந்த’ பெண் தேடுகிற ஊரில் இருந்துகொண்டு, அமெரிக்காக்காரன் இனவாதி என்று சொல்லுகிறது லேசு. ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் தொடக்கம் கோவில்பட்டிக் கலண்டர் வரைக்கும் எங்கட சாமியறைச் சுவரில் இருக்கிற முகங்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எத்தனை முகம் எங்கட நிறம்?

சரி, அப்போ எந்த மாற்றம் வந்தாலும் கைதட்டுவதா? அதுவும் இல்லை. மஜிக்கிலேயே எங்களுக்கு இன்னும் கிட்டவான ஒரு கதை இருக்கிறது. சந்திரா.

சந்திரா நலார் என்ற நெருப்பு மந்திரக்காரி 2007இல் மஜிக் சீட்டில் வந்தாள். பேரைப் பாருங்கள், எங்கட ஊரில் ரெண்டு ஒழுங்கைக்கு ஒரு சந்திரா மாமி இருப்பா. ஆனால் சீட்டில் இருந்தது வெளிறிய தோலும் செந்தலைமயிரும் உள்ள பெண். எட்டு வருசம் கழித்து, 2015இல்தான் அவளுடைய சொந்த ஊர் இந்தியச் சாயலில் கீறிய ‘கலதேஷ்’ என்ற உலகம் என்று கதை சொன்னார்கள். அம்மா பியா, அப்பா கிரான், ரெண்டு பேரும் மாநிறம். 2016இல் கலதேஷ் ஒரு தனித் தொகுதியாகவே வந்தது. சேலை மடிப்பும் பித்தளை வேலைப்பாடும் எந்திர யானையுமாய்ப் பார்க்க அழகு. ஆனால் மகளின் நிறம் மட்டும் ஓவியருக்கு ஓவியர் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு சீட்டில் வெளிறி, இன்னொன்றில் கொஞ்சம் மாநிறமாய். ஆரகோர்னுக்காவது ஆரோ இருந்து யோசித்து ஒரு முடிவு எடுத்தார்கள். சந்திராவுக்கு அதுவும் இல்லை. பேர் மட்டும் எங்களுடையது, முகத்தைப் பற்றி ஆரும் கவலைப்படவில்லை.

பிறகு பேர்ப் பிரச்சினை. ‘கலா’ என்றால் கலை. அதையே ‘காலா’ என்று இழுத்தால் இந்தியில் கறுப்பு. அப்போ கலதேஷ் என்பது ‘கறுப்பு நாடு’ என்றும் காதில் விழும். இது சரியில்லை என்று சொல்லி, 2025 பெப்ரவரியில் வந்த தொகுதியில் அந்த உலகத்தின் பேரை ‘அவிஷ்கார்’ என்று மாற்றினார்கள். கண்டுபிடிப்பு என்று அர்த்தம். கதைக்குள்ளேயே அங்கத்தைய சனம் அரசைக் கவிழ்த்துத் தங்கட நாட்டுக்குப் புதுப் பேர் வைத்ததாக எழுதினார்கள். 1972இல் சிலோன் என்ற பேரை விட்ட நாட்டில் இருக்கிற எங்களுக்கு இது விளங்காத விசயம் இல்லை. ஆனாலும் எங்களுக்கு இதில் ரெண்டு மனம். கேட்டுத் திருத்தினது நல்லது. அதேநேரம் ‘கறுப்பு நாடு’ என்றால் அது ஏன் வசையாய்க் கேட்கிறது? அந்த வசையைக் காதுக்குள் வைத்திருக்கிறது நாங்கள்தானே. பேரை மாற்றிவிட்டார்கள். காது அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு வகை மாற்றமும் இருக்கிறது, அகற்றுவது. 2020 ஜூனில், ஜோர்ஜ் ஃப்லொய்ட் கொல்லப்பட்டு அமெரிக்கா கொதித்துக்கொண்டிருந்தபோது, விசர்ட்ஸ் கொம்பனி தன் பழைய சீட்டுகள் 7ஐ இனவாதம் என்று சொல்லித் தன் தரவுத்தளத்தில் இருந்து படத்தை எடுத்து, போட்டிகளிலும் தடை செய்தது. அதில் ஒன்று 1994இல் வந்தது. கூக்ளக்ஸ் கிளான் மாதிரி முகமூடி போட்ட உருவங்கள் நிற்கிற படம். இன்னொன்றில் ‘பிரதேஷ்’ என்ற எங்கட பக்கத்துச் சொல்லோடு நாடோடிச் சனத்தை இழிவாய்ச் சொல்லுகிற ஒரு சொல்லும் சேர்ந்திருந்தது. “வரலாற்றை அழிக்கிறாங்கள்” என்று அப்போதும் கத்தினார்கள். அழிக்கவில்லை. சீட்டு வைத்திருந்தவர்களிடம் அது இன்னும் இருக்கிறது. கொம்பனி தன்னுடைய சபையில் இருந்து அதை எழுப்பிவிட்டது, அவ்வளவுதான். எங்கட கேள்வி வேற: 26 வருசம் அது அங்கே இருந்தபோது ஆரும் பார்க்கவில்லையா?

இனி எங்கட வாவிக்கரைக்கு வருவோம். பாத்திரத்தை மாற்றுகிறது பாவம் என்றால், அந்தப் பாவத்தில் மட்டக்களப்பாரை மிஞ்ச ஆள் இல்லை.

கண்ணகியை எடுங்கள். சிலப்பதிகாரத்தில் அவள் புகார் நகர வணிகனின் மகள். எங்கட கோயில்களில் வைகாசிச் சடங்கில் பாடுகிற கண்ணகி வழக்குரையில் அவள் பாண்டியன் தோட்டத்து மாங்கனியில் பிறக்கிறாள். பேழையில் வைத்துக் கடலில் விட, மிதந்து போய் வணிகர் கையில் சேருகிறாள். அப்போ மதுரையை எரித்தவள் அந்த மண்ணிலேயே பிறந்தவள் ஆகிவிடுகிறாள். முழுக் கதையின் எடையே மாறுகிறது. அதோடு எங்கட சனம் நிற்கவில்லை. கோபத்தோடு வந்தவளை இருத்திக் குளிர்த்தி பாடிக் குளிரவைத்து, அம்மை நோய்க்கும் மழைக்கும் அவளையே கேட்டார்கள். சிங்களச் சனத்துக்கு அவள் பத்தினித் தெய்வம், அவர்களுடைய கதையிலும் அந்த மாங்கனி உண்டு. இளங்கோவடிகள் வந்து “என்ர கதாபாத்திரத்தைக் கெடுத்திட்டீங்கள்” என்று சண்டை பிடித்தால் குளிர்த்தி பாடுகிற கட்டாடியார் என்ன சொல்லுவார்?

இராவணனும் அப்படித்தான். வட இந்தியாவில் ஆண்டுதோறும் கொளுத்துகிற உருவம். திருகோணமலையில் கோணேசருக்குப் பக்கத்தில் மலையைப் பிளந்த சிவபக்தன், அந்தப் பிளவுக்கே இராவணன் வெட்டு என்று பேர். தெற்கில் சிங்களப் பேரரசன், 2019இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பின செய்மதிக்கும் இராவணா-1 என்றுதான் பேர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து மேடையேற்றிய ‘இராவணேசன்’ கூத்தில் அவன் வீழ்ச்சியிலும் நிமிர்ந்து நிற்கிற துன்பியல் நாயகன். எழுதியவர் எங்கட அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு.

அந்த மாற்றத்துக்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. விடிய விடிய வட்டக்களரியில் ஊர் சுற்றி இருந்து பார்த்த கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்குக் கொண்டுபோனது கூத்துக்கு உயிர் கொடுத்ததா, உயிரை எடுத்ததா என்ற விவாதம் இன்றைக்கும் ஓயவில்லை. பிறகு 2000களில் சி. ஜெயசங்கரும் கூட இருந்தவர்களும் சீலாமுனையில் தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் வேற வழியில் போனது. அண்ணாவிமார், கூத்தர், ஊர்ச்சனத்தோடு இருந்து, பெண்ணையும் சாதியையும் தாழ்த்துகிற இடங்களைப் பற்றிக் கதைத்து, மாற்றி, அதே ஊரில் அதே களரியில் ஆடுகிறது. பெண் வேடத்தையும் ஆம்பிளைகளே கட்டின களரியில் பெண்பிள்ளைகள் சதங்கை கட்டினார்கள். “எங்கட காலத்தில இப்பிடி இல்ல” என்று முணுமுணுத்த பெரியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அண்ணாவியாரிடமே கேட்கலாம், சண்டை பிடிக்கலாம், அடுத்த ஒத்திகைக்கும் வரலாம்.

இங்கேதான் எங்களுக்கு வித்தியாசம் பிடிபட்டது. ஒரு பாத்திரம் மாறுகிறபோது நாங்கள் மூன்று கேள்வி கேட்கவேண்டும். ஆர் மாற்றினது? மாற்றினதால் ஆருக்கு இடம் கிடைச்சது? பழசு எங்கே போச்சு?

ஆரகோர்னை வைத்துக் கேட்டுப் பாருங்கள். பழசு எங்கேயும் போகவில்லை. புத்தகம் இருக்கிறது, படம் இருக்கிறது, விக்கோவின் முகம் இன்னும் நூறு வருசத்துக்கு இருக்கும். இடம் கிடைச்சது, தன்னை அரசனாய் ஒருக்காலும் பார்க்காத பிள்ளைகளுக்கு. அதனால் அந்தச் சீட்டை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் மாற்றினது ஆர் என்ற கேள்விக்குப் பதில் ஒரு கொம்பனி. அந்தத் தொகுதி மஜிக் வரலாற்றிலேயே பெரிதாய் விற்ற தொகுதிகளில் ஒன்று. அதில் உலகத்துக்கே ஒன்று என்று அச்சடித்த மோதிரச் சீட்டைப் பாடகர் போஸ்ட் மலோன் ஏறத்தாழ 20 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கினார். சண்டையும் அவர்களுக்கு விளம்பரம்தான். அடுத்த ஆண்டு, 2024 ஜனவரியில், அதே கொம்பனி ஒரு விளம்பரப் படம் போட்டது. செயற்கை நுண்ணறிவால் செய்தது என்று ரசிகர்கள் சொன்னபோது இல்லை, மனிதர் கீறினது என்று மறுத்தது. சில நாளில், ஓம், அதில் சில பகுதி அப்படி வந்ததுதான் என்று ஒத்துக்கொண்டது. ஓவியர்கள் அப்படிச் செய்யக்கூடாது என்று அவர்களே சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சீட்டில் இருக்கிற முகத்தின் நிறத்துக்குக் கத்தின கூட்டம், அந்த முகத்தைக் கீறுகிற கையின் சோற்றுக்கும் அதே அளவு கத்தவேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். இந்த விசயத்தில் கண்டுபிடித்துக் கேட்டது ரசிகர்கள்தான், அதையும் சொல்லவேண்டும். ரசிகர் கோபம் எல்லாமே வெறி இல்லை.

எங்கட ஓவியன் கடைசியாய் ஒரு கேள்வி கேட்டான். நல்ல கேள்வி. “நாளைக்கு ஒரு கொம்பனி கண்ணகியை வெள்ளைக்காரியாய்க் கீறி வித்தால் நீங்கள் சும்மா இருப்பீங்களா?”

இருக்கமாட்டோம். அதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் ரெண்டும் ஒன்று இல்லை. ஆரகோர்னை உலகம் முழுக்கத் தெரியும், ஒரு சீட்டு அவனை அழிக்காது. கண்ணகியை வெளியில் அறிந்தவர்கள் கொஞ்சம். அந்தக் கொம்பனி கீறுகிற ஒரு படமே உலகத்துக்கு அவளுடைய ஒரே படமாய்ப் போய்விடலாம். சந்திராவுக்கு நடந்தது கிட்டத்தட்ட அதுதான். கனக்க இருக்கிறவனிடம் ஒன்றை மாற்றுகிறதும், ஒன்றே ஒன்று வைத்திருக்கிறவனிடம் அதை மாற்றுகிறதும் ஒரே கணக்கு இல்லை. இதைச் சொன்னபோது அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “அப்ப நாங்களே கீறோணும்” என்றான்.

அதுதான் எங்கட முடிவும். எங்கட வீட்டுச் சீட்டுக் கட்டையே பாருங்கள். ஐரோப்பாவில் இருந்து வந்த முகங்கள். அந்த ராசாவின் தாடியை மாற்றவேண்டும் என்று எங்கட ஊரில் ஒருத்தரும் ஊர்வலம் போகவில்லை. ஆனால் 304இல் ராசாவுக்கு 3 புள்ளி, ராணிக்கு 2, ஜாக்குக்கு 30. ஒன்பதுக்கே 20. சேவகன் ராசாவைப் பிடிக்கிற விளையாட்டு. ஆரோ கீறின படத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தங்கட கையில் எடுத்திருக்கிறார்கள். அதேமாதிரி இந்தியாவில் கஞ்சிபா என்ற வட்டச் சீட்டு இருந்தது. பத்து அவதாரத்துக்குப் பத்து வகை, மொத்தம் 120 சீட்டு. ஒன்பதாம் அவதாரமாகச் சில இடத்தில் புத்தர், ஒடிசாவில் ஜெகந்நாதர். கீறினவர்கள் தங்கட ஊர்ச் சாமியை அந்த இடத்தில் இருத்தினார்கள்.

ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை ஒரு பாத்திரம் மாறிவிட்டது என்று இணையம் கத்துகிறபோது, உடனே ஒரு பக்கம் போய் நிற்காதீர்கள். அந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். மறுகா உங்கட கோபம் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று உங்களுக்குள்ளேயே தடவிப் பாருங்கள். எங்களுக்கு அது ஒரு பள்ளிக்கூட ஒத்திகையில் போய் முட்டியது.

போன ஞாயிறு அவன் கடதாசியும் கரிப்பென்சிலும் கொண்டுவந்தான். சந்திராவைத் திரும்பக் கீறப் போகிறானாம். பார்த்துக் கீற ஒரு ஆள் வேண்டும் என்று அவளிடம்தான் கேட்டான். அந்த மூன்று கிழமைக்குப் பிறகு அவன் அவளிடம் கதைத்த முதல் கதை அது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “சீதைக்கு நிக்க விடல்ல. நெருப்பு எறியிறவளுக்கு நிக்கிறன். ஆனா நிறத்தக் குறைச்சா சீட்டக் கிழிப்பன்.”

படம் இன்னும் முடியவில்லை. முடிந்ததும் பழைய கட்டில் ஒரு சீட்டின்மேல் ஒட்டுவோம். எந்தச் சீட்டில் என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. ஜாக்கில் ஒட்டுகிறது என்று முடிவு.